பேஸ்பாலின் நிறத்தடையைத் தகர்த்த ஜாக்கி ராபின்சன்: வெண்கலச் சிலை நினைவூட்டும் வாழ்க்கை

லாஸ் ஏஞ்சல்ஸ்: அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் ஏப்ரல் 15ஆம் தேதி மட்டும் அனைத்து வீரர்களும் 42 என்ற ஒரே எண் பொறித்த சீருடையை அணிகின்றனர். கறுப்பின வீரர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக்கிடந்த அந்தப் போட்டியின் கதவை 1947ஆம் ஆண்டு அதே நாளில் திறந்த ஜாக்கி ராபின்சனின் எண் அது.

அந்நிகழ்வின் 70ஆம் ஆண்டு நிறைவு நாளான 2017 ஏப்ரல் 15 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர் மைதானத்தில் அவருக்கு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அம்மைதானத்தில் நிறுவப்பட்ட முதல் சிலை இதுவே. சிற்பி பிரான்லி கேடட், ராபின்சனை அசையாது நிற்பவராக வடிக்கவில்லை. இறுதித் தளமான ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்கிப் பாயும் இளம் வீரராக வடித்தார். சிலையின் எடை சுமார் 360 கிலோ.

பேஸ்பாலில் பொதுவாகச் சக வீரர் பந்தை அடித்த பின்னரே களத்தில் உள்ளவர் அடுத்த தளத்துக்கு ஓடுவார். பந்து அடிக்கப்படும் முன்பே, எறிபவரின் கண்ணெதிரே ஓடி ஹோம் பிளேட்டை எட்டுவது அரிய துணிச்சல். ராபின்சன் தம் லீக் ஆட்டங்களில் 19 முறை அதைச் சாதித்தார்.

ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில், குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1919 ஜனவரி 31 அன்று அவர் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டதால், தாய் மாலி தம் ஐந்து பிள்ளைகளுடன் கலிபோர்னியாவின் பாசடேனா நகருக்குக் குடிபெயர்ந்தார். அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். நாடு திரும்பிய அவருக்குக் கிடைத்ததோ தெரு கூட்டும் வேலை.

இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ அதிகாரியான ராபின்சன், 1944இல் டெக்சாஸ் ராணுவ முகாம் பேருந்தில் பின்னிருக்கைக்குச் செல்ல மறுத்தார். அதையொட்டி எழுந்த குற்றச்சாட்டுகளில் இருந்து ராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அநீதியைக் கண்டு அடங்கிப்போவது அவர் இயல்பன்று என்பதற்கு இதுவே சான்று.

அத்தகையவரிடம்தான் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945இல் கடினமான நிபந்தனையை முன்வைத்தார். எவ்வளவு இழிவுபடுத்தினாலும் களத்தில் திருப்பித் தாக்கக் கூடாது என்பதே அது. ராபின்சன் ஒரு முறை கைநீட்டினாலும், அதையே காரணமாக்கி மற்ற கறுப்பின வீரர்களுக்கும் கதவு அடைக்கப்படும் என ரிக்கி அஞ்சினார். ராபின்சன் இசைந்தார்.

மான்ட்ரியால் அணியில் ஓராண்டு ஆடிய பின், 1947இல் புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில் களமிறங்கினார். எதிரணியினரின் வசைகள், கொலை மிரட்டல்கள், இடம் தர மறுத்த விடுதிகள் என அனைத்தையும் பொறுத்துக்கொண்டார். அவருடைய பதில் ஆட்டத்தில் வெளிப்பட்டது. அந்த ஆண்டே சிறந்த அறிமுக வீரர் விருதும், 1949இல் நேஷனல் லீக்கின் மிக மதிப்புவாய்ந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தன. 1955இல் டாட்ஜர்ஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது அவரும் அணியில் இருந்தார்.

அவரது மௌனம் காலவரையறை கொண்டது. தம் இடம் உறுதியானதும் நடுவர்களிடமும் எதிரணியினரிடமும் வெளிப்படையாக வாதிட்டார். பொறுமைக்காகப் புகழ்ந்த பலர் அப்போது அவரைக் கோபக்காரர் என்றனர். பத்து ஆண்டுகள் ஆடி ஓய்வுபெற்ற பின்னர், குடியுரிமைப் போராட்டங்களுக்கு நிதி திரட்டினார். ஹார்லெமில் கறுப்பின மக்களுக்கான வங்கியை நிறுவுவதில் பங்கேற்றார். 1962இல் பேஸ்பால் புகழரங்கில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரானார்.

நீரிழிவால் பார்வை மங்கிய நிலையில், 1972 அக்டோபர் 15 அன்று சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடர் ஆட்டத்தில் அவருக்குப் பாராட்டு விழா நடத்தப்பட்டது. நன்றி கூறியதோடு அவர் நிறுத்தவில்லை. மேஜர் லீக் அணிகளில் ஒரு கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர்கூட இல்லாததை அந்த மேடையிலேயே சுட்டிக்காட்டினார். ஒன்பது நாள்களில், 53ஆம் வயதில் காலமானார்.

அவர் காண விரும்பிய மாற்றம் 1975இல் நிகழ்ந்தது. அவருக்கு உறவினரல்லாத பிராங்க் ராபின்சன், கிளீவ்லாந்து அணியின் பொறுப்பேற்று முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரானார். 1997இல் 42ஆம் எண் அனைத்து அணிகளிலும் ஓய்வளிக்கப்பட்டு, ராபின்சனுக்கு மட்டுமே உரியதாக்கப்பட்டது.

டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயரும் முன்பே ஓய்வுபெற்றதால், அந்நகரின் அணிக்காக ராபின்சன் ஒருபோதும் ஆடியதில்லை. எனினும் அவர் வளர்ந்த பாசடேனா அருகிலேயே உள்ளது. அடங்கியிருந்த ஆண்டுகளுக்காகவே பெரிதும் நினைக்கப்படும் அவரை, அடங்காத வேகத்துடன் அங்கே நிலைநிறுத்தியிருக்கிறது கேடட்டின் சிலை.