வேலூர் கண்ட அன்னை

பிறர் துயரைத் தம் துயராகக் கருதி உழைத்தோரை உலகம் மறப்பதில்லை. அத்தகைய சான்றோருள் ஒருவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

இவர் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள், தமிழகத்திலுள்ள இராணிப்பேட்டையில், அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவர்தம் பாட்டனார் யாழ்ப்பாணத்தில் மருத்துவத் தொண்டாற்றியவர். தந்தையாரும் மருத்துவரே. ஆயினும், அமெரிக்காவில் கல்வி பயின்ற ஐடாவுக்கு அத்தொண்டில் நாட்டமில்லை. அந்நாட்டிலேயே இன்பமாக வாழ விரும்பினார்.

தாயார் நோயுற்றதால் 1890ஆம் ஆண்டு திண்டிவனம் வந்து சேர்ந்தார். அங்கு ஓர் இரவு, அந்தணர் ஒருவரும், இசுலாமியர் ஒருவரும், வேறோர் இந்துக் குடும்பத்தலைவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் தவிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றுமாறு ஐடாவை வேண்டினர். அவரோ மருத்துவம் கல்லாதவர். தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறினார். ஆடவர் மருத்துவம் பார்ப்பதற்கு அம்மூவரும் இசையவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயினர். அச்செய்தி ஐடாவின் வாழ்க்கையையே மாற்றியது.

அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே தந்தையாரை இழந்தும் அவர் மனந்தளரவில்லை. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. சிற்றூர்களுக்கும் சென்று, சாலையோர மரநிழலில் ஏழைகளுக்கு மருந்தளித்தார்.

மருத்துவர் மருந்து தரலாம். அதனை வேளை தவறாது கொடுத்து, புண்ணைத் துடைத்து, இரவெல்லாம் கண்விழித்துக் காப்பவர் தாதியரே. இதனை உணர்ந்த அம்மையார் 1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். பிறர் உடலைத் தொட்டுப் பணிசெய்வதை இழிவென எண்ணிய காலம் அது. அத்தடையைக் கடந்து முன்வந்த பெண்களாலேயே அம்மருத்துவமனை வளர்ந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. 1922இல் 14 பெண்கள் அதில் தேறி வெளிவந்தனர். 1946இல் தாதியர் பட்டப்படிப்பும் தொடங்கியது. அம்மையார் 1960ஆம் ஆண்டு மே திங்களில், தமது 89ஆம் அகவையில், கொடைக்கானலில் இயற்கை எய்தினார்.

மாணவச் செல்வங்களே! மருத்துவத் துறை மருத்துவர்களால் மட்டும் இயங்குவதன்று. தாதியர், மருந்தாளர், ஆய்வுக்கூடப் பணியாளர், இயன்முறைச் சிகிச்சையாளர் எனப் பலர் அதில் உள்ளனர். தாதிமைப் பணி ஆண்களுக்கும் உரியதே. நம் நாட்டில் தாதிமைப் பட்டயப் படிப்பு மூன்றாண்டுகள் கொண்டது. அதில் சேர விரும்புவோர் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி பெறவேண்டும். அதற்கான அடித்தளம் இத்தொடக்கப்பள்ளியிலேயே அமைகிறது.

பெற்றோர்களே! இரவுப்பணி உண்டென்றும், பிறர் அழுக்கைத் துடைக்கும் வேலையென்றும் கருதித் தங்கள் பெண்மக்களைத் தடுத்துவிடாதீர்கள். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த கைகளுக்கு, உழைப்பில் இழிவில்லை என்பது தெரியும். நோயுற்று நாம் படுக்கையில் கிடக்கும்போது, நம் மொழியில் நலம் விசாரிக்கும் ஒரு தாதி நம் பிள்ளையாகவே இருத்தல் கூடாதா? சிந்தித்துப் பாருங்கள்.