மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களும் மாணாக்கர் படிப்பும்

காவிரி பாயும் நம் சோழவளநாட்டில் மழை பொய்த்து நெல்லுக்குக் குறைவு நேர்ந்த ஆண்டுகள் உண்டு. நெல் விளைவிக்கும் முறை மறந்துபோன ஆண்டு ஒன்றும் இல்லை. தந்தை நாற்றங்காலில் இறங்கும்போது மகனும் உடன் இறங்குகின்றான். விதை தெளிக்கும் கை எவ்வாறு வீசவேண்டும் என்று எவரும் அவனுக்குச் சொற்பொழிவு செய்வதில்லை. அவன் கண்டு கற்றுக்கொள்கின்றான். நூல் படிக்கும் பழக்கமும் இத்தகையதே. படிப்பவர் ஒருவர் அருகிலிருந்தால் பிள்ளை படிக்கும். இல்லையேல் ஆயிரம் முறை சொல்லினும் படியாது.

பல ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பித்துவரும் யான் கண்டதொன்றை மறையாது கூறுகின்றேன். தேர்வில் நல்ல எண்கள் பெறும் மாணாக்கர் சிலரிடம், அவர்கள் முன்பு பார்த்திராத பக்கம் ஒன்றைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னால், எழுத்துக் கூட்டித் தடுமாறுகின்றனர். வினாவையும் விடையையும் நெட்டுருச் செய்தலே படிப்பென்று அவர்கள் எண்ணியிருக்கின்றனர். அவர்கள் வீட்டில் பெரியோர் எவரேனும் ஒரு நூலைக் கையிலெடுத்து அமர்ந்திருக்க அவர்கள் கண்டதில்லை. இக்குறை முழுவதையும் மாணாக்கர் தலையிலேயே சுமத்துதல் நீதியாகுமா? இவ்வினா என் உள்ளத்தே எழுந்தபோதெல்லாம் நினைவுக்கு வருபவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்.

அவர் நம் மரபினர் அல்லர். நம் சங்க ஏட்டில் அவர் வரலாற்றை வரைவது ஏன் என அன்பர் சிலர் வினவலாம். அதற்குரிய விடை அவர் வாழ்க்கையிலேயே உளது.

பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அணித்தாகிய அதவத்தூரில் தோன்றினார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை தமிழ்ப் புலமையுடையவர். சிற்றூர்ச் சிறுவர்க்குக் கல்வி கற்பித்து வாழ்ந்தவர். மகனுக்கு முதலாசிரியர் அவரே. செல்வம் சிறிதும் இல்லாத அவ்வீட்டில் ஏடுகள் இருந்தன. ஏடுகளைப் படிப்பவரும் இருந்தார். தந்தையார் மடியிலிருந்து கேட்ட செய்யுளோசையே அச்சிறுவருக்குப் பின்னாளில் கடல்போற் பெருகிய புலமையின் ஊற்றாயிற்று. ஆயின் பதினைந்தாம் பிராயத்திலேயே அவர் தந்தையை இழந்தார். குடும்பச் சுமையும் வறுமையும் அவர்மேல் விழுந்தன. அந்நிலையில் படிப்பை விடுத்தவர் உலகிற் பலர். அவரோ படிப்பைத் தேடிப் புறப்பட்டார்.

அக்காலத்தில் நூல் என்பது இன்றுபோல் கடையிற் கிடைக்கும் பொருள் அன்று. அது பனையேட்டில் இருந்தது. அவ்வேடு எவரேனும் ஒருவர் பரணில் இருந்தது. உடையவர் மனமுவந்து கொடுத்தாலன்றிக் காணவும் இயலாது. கொடுத்தாலும் குறித்த நாளுக்குள் எழுத்தாணி கொண்டு படியெடுத்துத் திருப்பித் தரவேண்டும். இன்ன ஊரில் இன்னாரிடம் இன்ன நூல் உளதென்று கேள்வியுற்றால் பிள்ளையவர்கள் அங்கே நடந்து செல்வார். தண்டியலங்காரத்தில் வல்ல பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பிச்சையேற்று வாழ்ந்துவந்தார். அவர் எளிதில் எவர்க்கும் பாடஞ் சொல்பவர் அல்லர். பிள்ளையவர்கள் அப்பரதேசி பிச்சைக்குச் செல்லும் வீதிகளில் உடன் சென்று, அவர் மனம் மகிழும்படி பணிவிடைகள் செய்து, அவ்வணியிலக்கணத்தை அவரிடம் பாடங்கேட்டார். கற்பிப்பவர் எந்நிலையினர் என்று அவர் பார்த்திலர். அவரிடம் உள்ள கல்வியையே பார்த்தார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார் முதலிய புலவர்களை அடுத்தும் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்.

இவ்வாறு அரிதிற் பெற்ற கல்வியை அவர் எளிதில் வழங்கினார். இதுவே அவர் பெருமைகளுள் தலையாயது. துன்பப்பட்டுக் கற்றவருள் சிலர், தம்மிடம் கற்க வருவோரும் அவ்வாறே துன்பப்படவேண்டும் என எண்ணுவர். பிள்ளையவர்கள் அங்ஙனம் எண்ணிற்றிலர். திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவராக விளங்கிய அம்பலவாண தேசிகர் அவர் புலமையைப் பாராட்டி மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்தார். 1860-ஆம் ஆண்டில் பிள்ளையவர்கள் மாயூரத்திற்கு வந்து வாழலாயினார். அது முதல் நம் தஞ்சை நாடே அவருக்குரிய நாடாயிற்று. அவர் செல்லுமிடமெல்லாம் மாணாக்கர் கூட்டமும் உடன் சென்றது. பலர் அவர் வீட்டிலேயே உண்டு கற்றனர்.

அம்மாணாக்கர் யாவர்? கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார் ஒருவர். புதுச்சேரியைச் சேர்ந்த கிறிஸ்தவராகிய சவராயலு நாயகர் ஒருவர். நாகூரைச் சேர்ந்த முஸ்லிம் புலவராகிய குலாம் காதிறு நாவலர் ஒருவர். உடனிருந்தே தொண்டு செய்து கற்ற சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவர் ஒருவர். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்து அந்தணச் சிறுவராகிய சாமிநாதையர் ஒருவர். உணவிலும் உறையுளிலும் அக்கால வழக்கப்படி வேற்றுமைகள் இருந்தன. பாடத்தில் வேற்றுமை இல்லை. ஒருவர் ஏட்டை மற்றொருவர் படித்தார்; ஒருவர் ஐயத்தை மற்றொருவர் தீர்த்தார்.

சாமிநாதையர் 1871-ஆம் ஆண்டில், தம் பதினேழாம் பிராயத்தில், தந்தையாருடன் மாயூரம் வந்து பிள்ளையவர்களிடம் மாணாக்கராயினார். தொடக்கத்தில் அவரைச் சவேரிநாத பிள்ளையிடம் பாடங் கேட்கும்படி ஆசிரியர் ஏவினார். மூத்த மாணாக்கர் இளையவர்க்குச் சொல்லிக் கொடுத்தல் அங்கே வழக்கம். அதனால் இளையவர் அச்சமின்றிக் கற்றனர். மூத்தவர்க்கும் கற்றது உறுதிப்பட்டது. ஆயினும் ஆசிரியரிடமே நேரிற் பாடங் கேட்கவேண்டும் என்னும் வேட்கை அவ்விளைஞர் உள்ளத்தே மிக்கிருந்தது. பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்திற் செடிகொடிகள் புதிதாகத் துளிர்ப்பதைக் காலையிற் கண்டு மகிழும் இயல்பினர். இதனை உணர்ந்த மாணாக்கர், விடியலில் அவருக்கு முன்னரே தோட்டம் புகுந்து, எங்கெங்கே தளிர் விட்டிருக்கின்றதெனத் தேடி வைத்து, அவர் வந்தவுடன் காட்டுவார். அத்தளிர்களே இருவர்க்கும் இடையே அன்பை வளர்த்தன. பின்னர்ப் பிள்ளையவர்கள் தாமே பாடஞ் சொல்லத் தொடங்கினார்.

அவர் பாடஞ்சொன்ன முறையை ஆசிரியரும் பெற்றோரும் கருதுதல் வேண்டும். முதலில் அந்தாதி, பிள்ளைத்தமிழ் முதலிய சிறு நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து படிக்கச் செய்வார். மாணாக்கர் படிப்பர், விளங்காத இடத்திற்கு மட்டும் அவர் பொருள் உரைப்பார். ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு ஒரு நாளைக் கழித்தல் இல்லை. பல நூல்கள் கண்ணிற்பட்டுச் செவியிற்பட்டு நாவிற் பழகிய பின்னரே, பெரிய புராணங்களும் காவியங்களும் நுண்ணிய இலக்கணமும் வரும். நிலம் நன்கு நனைந்த பிறகே ஏர் இறங்குதல் வேண்டும் அன்றோ? மேலும் அவர் தாம் செய்யுள் இயற்றும்போது மாணாக்கரை அருகிலிருத்தி எழுதச் செய்வார். அவர் இயற்றிய தலபுராணங்கள் மட்டும் இருபதுக்கு மேற்பட்டன. அவர் சொல்ல எழுதிய கைகள், எழுதிக்கொண்டே கற்றன.

இதற்கு மாறான முறையும் அக்காலத்தில் இருந்தது. பட்டீச்சுரத்துச் செல்வர் ஒருவர் இல்லத்திற் பிள்ளையவர்கள் மாணாக்கருடன் தங்குவதுண்டு. தமிழன்பு மிக்க அச்செல்வர், குறித்த செய்யுட்களை மனப்பாடஞ் செய்து ஒப்பித்தாலன்றி இரவில் உணவில்லையென்று மாணாக்கரை அச்சுறுத்துவார். அவர் எண்ணம் நல்லதே. ஆயினும் பசியால் ஒப்பித்த செய்யுளுக்கும், தோட்டத்துத் தளிர் காட்டிக் கேட்ட பாடத்திற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறியாமல் இல்லை. நம் வீடுகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும்போது நாம் யாரைப் போல ஒழுகுகின்றோம் என ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

இத்தகைய பெரியார்க்கு வறுமை நீங்கியதில்லை. செல்வர்கள் கொடுத்த பொருளெல்லாம் மாணாக்கர் உணவிலும் குடும்பச் செலவிலும் கரைந்தது. கடனும் இருந்தது. ஆயினும் வீட்டில் அரிசி இல்லையென்று மாணாக்கரை அவர் திருப்பியனுப்பியதில்லை. 1876-ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் உடல் தளர்ந்தது. பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் அவர் இறுதி நேரம் வந்தது. அப்போது சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பிற் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தார். சாமிநாதையர் அருகிலிருந்து திருவாசகத்தைப் படித்தார். கிறிஸ்தவ மாணாக்கர் தாங்க, அந்தண மாணாக்கர் படிக்க, சைவப் புலவர் ஒருவர் தமிழ் கேட்டுக்கொண்டே கண்மூடினார். வாழ்நாள் முழுவதும் பிறரைப் படிக்க வைத்தவர் செவியில் கடைசியாக விழுந்ததும் மாணாக்கர் படிக்கும் குரலே.

அவர் இட்ட விதை வீண்போகவில்லை. 1880-ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் கல்லூரிப் பணியினின்றும் ஓய்வு பெற்றபோது, அவ்விடத்தில் சாமிநாதையரை அமரச் செய்தார். கும்பகோணத்தில் இருந்த காலத்திலேயே, 1887-இல், சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சிட்டார். அதன்பின் சங்க நூல்கள் பல அவரால் வெளிவந்தன. ஏடு தேடி வீதி வீதியாக நடந்த ஆசிரியரின் மாணாக்கர், ஏடு தேடி ஊர் ஊராக நடந்து, தமிழர் அனைவர்க்கும் நூல்களைப் பொதுவாக்கினார். தம் ஆசிரியர் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டு, நன்றிக்கடனையும் செலுத்தினார்.

நம் சங்கத்தாருக்கு இவ்வரலாறு கூறுவது யாது? ஆண்டுதோறும் நாம் நன்கொடை திரட்டுகின்றோம். மிக்க எண்கள் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளிக்கின்றோம். அது நன்று. ஆயினும் பரிசு அறுவடை நாளின் மகிழ்ச்சி. நாற்று நடும் நாளில் நாம் வயலில் இல்லை. சங்கக் கட்டடம் மாலைவேளைகளிற் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றது. அதனைத் திறந்து, விளக்கேற்றி, நூறு நல்ல நூல்களை வைத்து, நாளொன்றுக்கு ஒரு நாழிகை, பெரியோர் ஒருவர் பிள்ளைகளுடன் அமர்ந்து படித்தல் வேண்டும். கைப்பேசியைச் சற்றே புறத்தே வைத்துவிட்டு அமர்தல் அப்பெரியோர்க்கும் நன்றாம். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குப் படித்துக் காட்டட்டும். பசியோடு வருவோர்க்குச் சுண்டலாவது கிடைக்கட்டும்.

மற்றொன்றும் பணிவுடன் கூறுவேன். அவ்வறையின் வாயிலில் இன்ன குலத்தார்க்கு மட்டும் என எழுதுதல் வேண்டா. எழுதாமலே அவ்வாறு நடத்தலும் வேண்டா. முற்காலத்தில் நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. நாம் உண்ணும் நெல்லை நட்டு அறுத்தவர்களின் பிள்ளைகள் அத்திண்ணையை எட்டிப் பார்க்கவும் இயலாதிருந்தனர். அப்பிழையில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு. அதனை நீக்கிக்கொள்ளும் வாய்ப்பு இப்போது நம் கையில் இருக்கின்றது. அடுத்த தெருப் பிள்ளை வந்து அமர்வதால் நம் பிள்ளையின் படிப்புக் குறைந்துவிடாது. பலர் கூடிப் படிக்கும் இடத்திலேதான் படிப்பு வளரும் என்பதற்குப் பிள்ளையவர்களின் வீடே சான்று.

ஆற்றுநீர் ஒரு வாய்க்காலில் மட்டும் தேங்கினால் அவ்வயலும் அழுகும். மடை திறந்து அடுத்த வயலுக்கும் பாய்ந்தால் ஊரெல்லாம் விளையும். காவிரிக்கரையிற் பிறந்த நமக்கு இதனைப் பிறர் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. மடையைத் திறப்போமாக.