இசைக்கு அரிச்சுவடி

எழுத்தறியாத குழந்தைக்கு அரிச்சுவடி உண்டு. எண்ணறியாத குழந்தைக்கு வாய்பாடு உண்டு. இசையறியாத குழந்தைக்கு என்ன உண்டு? நம் தென்னாட்டில் இக்கேள்விக்கு விடை பழைமையானது. புரந்தரதாசர் வகுத்தார் என்று போற்றப்படும் சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம் ஆகியவற்றை மாயாமாளவகௌளையில் பாடித்தான் இன்றும் நம் குழந்தைகள் தொடங்குகின்றனர். வடநாட்டிலோ சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில், எல்லோரும் ஏற்றுக்கொண்ட பொதுவான இசைப் பாடப்புத்தகம் ஒன்று இருந்ததில்லை. உஸ்தாதின் வீட்டு வாயிலில் காத்துக் கிடந்தவனுக்கே இசை கிடைத்தது. அதுவும் அவர் மனம் இரங்கினால்தான். அந்த வாயிலைத் திறக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் விஷ்ணு நாராயண பாத்கண்டே. வடநாட்டிற்குப் படிக்க வந்துள்ள நாம் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது என்பது என் எண்ணம்.

1860-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் பம்பாயின் வாலுகேசுவரப் பகுதியில் அவர் பிறந்தார். இளமையிலேயே சித்தார் பயின்றார். 1884-இல் பம்பாயில் இருந்த காயன உத்தேஜக மண்டலி என்னும் இசைச் சங்கத்தில் சேர்ந்து, அங்கு வந்த வித்துவான்களிடம் துருபதங்களையும் கயால்களையும் நூற்றுக்கணக்கில் பாடம் செய்தார். இடையே 1887-இல் சட்டப் பட்டமும் பெற்று வழக்கறிஞரானார். தொழில் நன்றாகவே நடந்தது.

ஆனால், விதி அவரை வேறு வழியில் செலுத்தியது. 1900-இல் மனைவியையும் 1903-இல் ஒரே மகளையும் இழந்தார். வீடு வெறுமையாயிற்று. மற்றொருவராக இருந்தால் அத்துடன் ஒடுங்கியிருப்பார். அவரோ மறு ஆண்டே ஊர் ஊராகப் புறப்பட்டார். பின்னர் 1910-இல் வழக்கறிஞர் தொழிலையும் அடியோடு விட்டுவிட்டார்.

அவருடைய முதற் பெரும் பயணம் எத்திசை நோக்கியது தெரியுமா? நம் தென்னாட்டை நோக்கியது! 1904-இல் சென்னை, தஞ்சை, மதுரை முதலிய ஊர்களுக்கு வந்தார். எட்டயபுரம் சென்று, முத்துசாமி தீட்சிதரின் மரபில் வந்த சுப்பராம தீட்சிதரைக் கண்டார். தீட்சிதரின் பெருநூலான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளியான ஆண்டும் அதுவே. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி இயற்றிய சதுர்தண்டிப் பிரகாசிகையும் அவருடைய பார்வைக்கு வந்தது. தேடிய விளக்கு அவர் கைக்குக் கிடைத்தது.

அந்த விளக்கு யாது? ச, ப இரண்டும் மாறாதவை. ஏனைய ஐந்தும் இரண்டிரண்டு நிலை உடையவை. ஆகச் சுரத்தானங்கள் பன்னிரண்டு. கீழ்ப்பாதியில் ரி, க சேரும் வகை 6, மேற்பாதியில் த, நி சேரும் வகை 6, பெருக்கினால் 36. மத்திமம் இரண்டாதலால் 72. இதுவே நம் மேளகர்த்தாத் திட்டம். இராகங்களை இவ்வாறு தாய், சேய் என்று வகுக்கலாம் என்பதைக் கண்ட பாத்கண்டே, வடநாட்டு வழக்கில் உள்ள இராகங்களுக்கு எழுபத்திரண்டும் வேண்டியதில்லை, பத்தே போதும் என்று முடிவு செய்தார். பிலாவல், கல்யாண், கமாஜ், பைரவ், பூர்வி, மார்வா, காபி, ஆசாவரி, பைரவி, தோடி என்பன அப்பத்துத் தாட்டுகள்.

என் விடுதித் தோழர் ஒருவர் கங்கைக்கரைக்காரர். ஒருநாள் மாலை நான் சிறுவயதில் கற்ற சரளி வரிசையைப் பாடினேன். உடனே அவர் அது பைரவ் என்றார். தாம் பள்ளியில் கற்ற பிலாவலை அவர் பாடினார். நான் அது சங்கராபரணம் என்றேன். அவருடைய கல்யாண் நம் கல்யாணியாகவும், காபி நம் கரகரப்பிரியாவாகவும் இருந்தன. ஆனால் அவர் பைரவி என்றது நமக்குத் தோடி. அவர் தோடி என்றதோ நமக்குச் சுபபந்துவராளி! பெயரில் பிணங்கினோம், சுரத்தில் இணைந்தோம். மொழி அறியாத இருவர் இவ்வளவு எளிதில் உரையாட முடிந்தது பாத்கண்டேயின் அட்டவணையால் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

அட்டவணை மட்டும் குழந்தைக்குப் போதாது என்பதை அவர் அறிவார். ஆகவே எழுத்து முறை ஒன்றை வகுத்தார். கீழ்த்தாயிச் சுரத்திற்கு அடியில் ஒரு புள்ளி. மேல்தாயிச் சுரத்திற்குத் தலையில் ஒரு புள்ளி. கோமள சுரத்திற்கு அடியில் ஒரு கோடு. தீவிர மத்திமத்திற்குத் தலையில் ஒரு சிறு கோடு. ஒரே மாத்திரைக்குள் அடங்கும் சுரங்களைக் கீழே ஒரு வளைவு பிணைக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கும் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அடுத்து, கிரமிக புஸ்தக மாலிகா என்னும் பெயரில் ஆறு பாகங்களாகப் பாடநூல் அமைத்தார். பெயருக்கேற்ப எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறும் நூல் அது. முதலில் சொல் இல்லாத சுரமாலை. பிறகு இலக்கண கீதம். இராகத்தின் வாதி சுரம் எது, விலக்கும் சுரம் எது, பாடும் பொழுது எது என்பவற்றையே பாட்டின் சொற்களாக வைத்து, அதே இராகத்தில் இசைத்துவிட்டார். பாட்டை மனப்பாடம் செய்த குழந்தை, தான் அறியாமலே இலக்கணத்தையும் மனப்பாடம் செய்துவிடுகிறது. இதனினும் சிறந்த உபாயத்தைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எவரும் விரும்பமாட்டார்.

1916-இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாட்டை நடத்தினார். 1918-இல் குவாலியரிலும் 1926-இல் லக்னோவிலும் இசைக் கல்லூரிகள் தோன்றக் காரணமானார். லக்னோவின் மாரிஸ் கல்லூரி இன்று அவர் பெயராலேயே பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அதே காலத்தில் விஷ்ணு திகம்பர பலுஸ்கர் 1901-இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கி மற்றொரு வழியில் இதே தொண்டைச் செய்தார் என்பதையும் மறத்தலாகாது.

இவர்மீது குறை கூறுவோரும் உண்டு. லலித் இராகத்தில் இரண்டு மத்திமங்களும் அடுத்தடுத்து வருகின்றன. பத்துத் தாட்டுகளில் எதிலும் அது செவ்வையாகப் பொருந்தாது. தர்பாரியின் அசையும் காந்தாரத்தை அடிக்கோடு ஒன்றினால் காட்டிவிட முடியாது. இவை நியாயமான குறைகளே. இவற்றைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. நூலறிவு இல்லாதவர்கள் என்று உஸ்தாதுகளை அவர் தாழ்வாக மதித்தார் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் எழுதியுள்ளனர். அவர் அச்சிட்ட பாடல்களோ இராம்பூர், ஜெய்ப்பூர் முதலிய இடங்களில் அந்த உஸ்தாதுகளின் பரம்பரையினர் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்தவை. அக்கடனை மறந்து பாத்கண்டேயை மட்டும் புகழ்வது நன்றியாகாது.

ஆயினும் நான் அவர் பக்கமே நிற்கிறேன். இசைவாணர் வீட்டில் பிறக்காத குழந்தைக்கு, பொருள் இல்லாத குழந்தைக்கு, ஊரில் ஆசான் இல்லாத குழந்தைக்கு, அந்த அடிக்கோடும் புள்ளியும் முதற்படியாகவேனும் அமைகின்றன. அசையும் காந்தாரத்தைப் பின்னர் ஆசான் ஒருவர் திருத்திக் கொடுக்கலாம். முதற்படியே இல்லாதவனுக்கு எதைத் திருத்துவது?

இறுதி மூன்றாண்டுகள் பக்கவாதத்தால் படுக்கையில் கிடந்து, 1936 செப்டம்பர் 19-ஆம் நாள் அவர் மறைந்தார். தம் மகளை இழந்த அத்தந்தை, நாடெங்கும் உள்ள குழந்தைகளுக்குப் பாடம் எழுதி வைத்துச் சென்றார். நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இவ்வூரில் பலர் உள்ளனர். வரிசை கற்ற தோழர்களும் தோழியரும் நம்மிடையே இருக்கின்றனர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நம் சரளி வரிசையையும் அவருடைய புள்ளி, கோடுகளையும் சேர்த்தே அப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். தொடங்குவோமா?