துயரத்தில் பிறந்த தொண்டு
டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை



நம் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர்கள் தேக்காவை அறியாமல் இருக்க மாட்டார்கள். பூக்கடையும் மளிகைக்கடையும் கோயிலும் நிறைந்த அந்தச் சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தில்தான் கே.கே. ஆஸ்பத்திரி இருந்தது. 'கண்டாங் கெர்பாவ்' என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். அங்கே 1924ஆம் ஆண்டு பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று தொடங்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு ஒரே வருடத்தில் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் அங்கே பிறந்தன. உலகத்திலேயே இவ்வளவு பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி வேறு இல்லை என்று அப்போது பெயர் வாங்கியது. 1997இல் அது பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அங்கே பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

இன்று ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் வண்டியைக் கூப்பிடுகிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், தாயும் பிள்ளையும் நலம் என்று சேதி வருகிறது. இது ஏதோ தானாக வந்தது போல நாம் நினைத்துக்கொள்கிறோம். தானாக வரவில்லைங்க. என் பாட்டிக்கு முதல் பிரசவம் லயத்து வீட்டில்தான் நடந்தது. பிள்ளை தங்கவில்லை. கடைசி வரைக்கும் அதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டியின் குரல் மாறிவிடும். நம் வீடுகளில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு எது?

நம் தமிழ் மண்ணில் இந்தத் துயரத்தைக் கண்ணால் கண்டு, அதைக் கண்டு அழுததோடு நின்றுவிடாமல், தன் ஆயுள் முழுவதையும் அதற்குக் கொடுத்த ஓர் அம்மையாரின் வாழ்க்கையைத்தான் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர்தான் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து, பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவம் செய்தவர். அமெரிக்காவிலிருந்து இந்தப் பக்கம் வந்த முதல் மருத்துவ மிஷனரி அவர்தான் என்பார்கள். அவருக்குப் பின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அந்தக் குடும்பமே தமிழ்நாட்டில் ஊழியம் செய்தது. ஐடாவின் தகப்பனாரும் டாக்டர்தான். அண்ணன்மார் பலருக்கு ஒரே தங்கச்சி ஐடா.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். அந்தக் காலத்தில்தான் நம் முன்னோர்கள் பலர் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். அப்போது சிறுமி ஐடா, பசியால் எழுந்திருக்கவும் பலமில்லாத பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டியிருக்கிறார். விளையாட வேண்டிய வயதில் பார்த்த பிணங்களும் அழுகையும் அவர் மனத்தைவிட்டுப் போகவே இல்லை.

பிறகு குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் பெற்றோர் மறுபடி இந்தியாவுக்கு வந்துவிட, ஐடா மட்டும் அங்கே உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாயைப் பிரிந்த அந்த வேதனையில் அவருக்கு இந்தியா என்றாலே கசந்துபோயிற்று. மிஷனரி வேலை தன் குடும்பத்தைப் பிரித்துவிட்டது என்று எண்ணினார். நார்த்ஃபீல்டு என்ற ஊரில் பெண்கள் விடுதிப் பள்ளியில் படித்தார்; குறும்பில் கெட்டிக்காரி. நல்ல இடத்தில் கல்யாணம் முடித்து, அமெரிக்காவில் வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தாத்தாவும் அப்பாவும் போன வழியில் தான் போவதில்லை என்று தீர்மானமாக இருந்தார்.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். பெரியவர்கள் எல்லாரும் பிறக்கும்போதே பெரியவர்களாகப் பிறப்பதில்லை.

அந்த ஒரு இரவு

1890ஆம் ஆண்டு தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. ஐடா திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தார். தாயாருக்குத் துணையாகக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, உடனே திரும்பிப் போய்விடுவது என்பது அவர் திட்டம்.

அப்படித் தங்கியிருந்தபோதுதான் ஒருநாள் இரவு கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பிராமணர் நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள். மருத்துவச்சியால் ஒன்றும் ஆகவில்லை. வந்து காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். ஐடா தனக்கு மருத்துவம் தெரியாது என்றும், தன் தகப்பனார் டாக்டர் என்றும், அவரை அனுப்புவதாகவும் சொன்னார். வந்தவர் மறுத்துவிட்டார். அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்பது அவர் குல வழக்கம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சற்று நேரத்தில் மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை ஒரு முஸ்லிம். அவருக்கும் அதே கோரிக்கை. தகப்பனார் வருவதாகச் சொன்னதற்கு அவரும் அதே பதில்தான் சொன்னார். மூன்றாம் முறை இன்னொரு இந்துக் குடும்பத்தவர் வந்தார். மதம் வேறு, சாதி வேறு. ஆனால் மூன்று வீட்டிலும் வழக்கம் ஒன்றாகவே இருந்தது. பெண்ணுக்குப் பெண் டாக்டர் வேண்டும். பெண் டாக்டரோ அந்த வட்டாரத்தில் கிடையாது.

அந்த இரவு ஐடா தூங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் பறை மேளச் சத்தம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார். அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள் என்ற செய்தி வந்தது.

ஒரே இரவில் மூன்று உயிர். மூன்றும் இள வயது. ஐடா தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார், ஜெபித்தார். வெளியே வந்தபோது பழைய ஐடா இல்லை. தாம் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, திரும்பி வந்து இந்த நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார். எந்த நாட்டைவிட்டு ஓட நினைத்தாரோ, அந்த நாடே அவருக்கு வாழ்க்கை ஆகிவிட்டது.

துக்கம் எல்லாருக்கும் வருகிறது. சிலரை அது படுக்க வைத்துவிடுகிறது. ஐடாவை அது எழுப்பி நிறுத்தியது.

படிப்பும் பணமும்

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே பெண்கள் டாக்டருக்குப் படிப்பது லேசான காரியமல்ல. பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார்.

புறப்படும் முன் வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் ஓர் அம்மையாரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மையாரின் சகோதரி கணவர், ஷெல் என்ற வயதான வங்கிக்காரர், பக்கத்து அறையில் இருந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஐடாவை அழைத்து விவரம் கேட்டு, காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். பாருங்கள், இங்கேயும் ஒரு துக்கம்தான் தருமம் ஆயிற்று. மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி என்று அந்த அம்மையாரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

ஐடா தனியாக வரவில்லை. ஆனி ஹான்காக் என்ற தோழியும் உடன் வந்தார். ஐடா உடம்புக்கு வைத்தியம் பார்க்க, ஆனி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பெண்களை வீடு வீடாகத் தேடிப் போய்ப் பழகி, வேத வசனம் சொல்லி, ஆறுதல் தருவதைத் தம் ஊழியமாகக் கொண்டார்.

மறுபடியும் ஓர் இடி

இருவரும் 1900ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார்கள். அனுபவம் உள்ள தகப்பனாரின் கைக்குக் கீழே வேலை பழகலாம் என்பது ஐடாவின் நம்பிக்கை. ஆனால் அதே ஆண்டு மே மாதம் தகப்பனார் புற்றுநோயால் காலமானார். கையில் பட்டம் இருக்கிறது. பக்கத்தில் வழிகாட்ட ஆள் இல்லை. ஊர் மக்களுக்கோ இந்த இளம் வெள்ளைக்காரப் பெண் மேல் நம்பிக்கை இல்லை.

அவர் மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. பங்களாவில் ஒரு சிறு அறையே முதல் மருந்தகம் ஆனது. முதலில் ஒன்றிரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். பிறகு வரிசை வாசலைத் தாண்டியது. இரண்டு ஆண்டுக்குள் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. 1902இல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அம்மையாரே புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டியிலும், பிறகு மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலை வழியாகக் கிராமங்களுக்குப் போவார். புளிய மரத்து நிழலில் வண்டி நிற்கும். அங்கேயே புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கண்ணைப் பார்ப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் நடக்கும்.

தமிழ்ப் பெண்களே டாக்டர்கள்

எத்தனை பேரைத்தான் ஒருத்தி பார்க்க முடியும்? இந்நாட்டுப் பெண்களையே பழக்கினால்தான் விடிவு என்று அம்மையார் கண்டுகொண்டார். 1909இல் தாதிப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்ததாகப் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்றபோது மேலதிகாரிகள் சிரித்தார்கள். நம் பெண்கள் இதற்கெல்லாம் வருவார்களா, வந்தாலும் தேறுவார்களா என்று சந்தேகப்பட்டார்கள். 1918 ஆகஸ்டில் பள்ளி திறக்கப்பட்டது. 1922இல் அந்த முதல் அணியில் 14 பெண்கள் இறுதித் தேர்வு எழுதினார்கள். 14 பேரும் தேறினார்கள்! அதே மாகாணத்தில் ஆண் மாணவர்கள் ஏராளமானோர் தவறிய தேர்வு அது. சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

1930களின் கடைசியில் வேறொரு சோதனை வந்தது. வெறும் மருத்துவச் சான்றிதழ் போதாது, பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதற்குப் புதிய கட்டடம், ஆசிரியர், கருவி எல்லாம் தேவை. எழுபது வயதில் அம்மையார் மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். பள்ளி கல்லூரி ஆயிற்று. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் இந்தியப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ். அதுதான் அம்மையார் விரும்பியதும்.

அந்தக் கல்லூரியில் படித்த மேரி வர்கீஸ் என்ற பெண் டாக்டர் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். இனி என்ன வாழ்க்கை என்று எவரும் சொல்லக்கூடிய நிலை. ஆனால் அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு உடல் ஊனமுற்றோருக்கு மறுவாழ்வு தரும் நிலையத்தை வேலூரில் உருவாக்கினார். அம்மையார் ஏற்றிய விளக்கிலிருந்து ஏற்றிய இன்னொரு விளக்கு அது.

ஐடா அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான தாயாரை 1925இல் அவர் மறையும்வரை தம்முடனேயே வைத்துக் காப்பாற்றினார். 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் கோடைக்கானலில், 89ஆம் வயதில் கண் மூடினார்.

நமக்குள்ள பாடம்

தேக்காவுக்குப் பக்கத்தில் ஷார்ட் ஸ்திரீட் என்று ஒரு சின்னத் தெரு உண்டு. அங்கே 1887 ஆகஸ்டில், சோபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலிய மிஷனரி அம்மையார் ஒரு கடைவீட்டில் ஒன்பது இந்தியப் பெண் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லத் தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதுதான் அதன் பெயர். பின்னர் சிங்கப்பூரின் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது அதுதான். திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்கள் மாண்டதும் இதே காலத்தையொட்டித்தான். படிப்பில்லாத இடத்தில் பெண் டாக்டர் இல்லை. பெண் டாக்டர் இல்லாத இடத்தில் பெண்ணுக்கு உயிர் இல்லை. இரண்டு அம்மையார்களும் இந்த ஒரே முடிச்சைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து அவிழ்த்தார்கள்.

ஆகவே பெற்றோர்களே, தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். அம்மையார் எந்த மதத்துப் பெண்ணுக்கும் கதவைச் சாத்தவில்லை; நாமும் நம் பிள்ளைக்குப் பள்ளிக் கதவைச் சாத்த வேண்டாம். மாணவிகளே, இன்று மேடையில் பரிசு வாங்கும் உங்கள் கையில் நாளைக்கு எத்தனை உயிர் இருக்கிறதோ, யார் கண்டது? பரிசு கிடைக்காத பிள்ளைகளும் மனம் தளர வேண்டாம்; ஐடாவும் உங்களைப் போலக் குறும்புக்காரிதான்.

நம் வீட்டிலும் துக்கம் வரும். வந்தால் அழுவோம், அழாமல் இருக்க முடியாது. அழுது முடித்த பிறகு, இதே துக்கம் அடுத்த வீட்டுக்கு வராமல் இருக்க நாம் என்ன செய்யலாம் என்று ஒரு நிமிஷம் யோசிப்போம். திண்டிவனத்தில் அன்று விடியற்காலையில் ஐடா அம்மையார் யோசித்தது அவ்வளவுதான்.