பஸ் ஓட்டிய பியானோ மேதை

ராக் அண்ட் ரோல் என்றதும் கிடாரோடு மேடையில் துள்ளும் சக் பெர்ரிதான் பலருக்கு ஞாபகம் வருவார். அவர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பியானோ வாசித்த ஜானி ஜான்சனை எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஃபேர்மான்ட் என்ற ஊரில், 1924 ஜூலை 8-ல் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஜான்சன் சின்ன வயசிலேயே பியானோவைத் தொட்டுவிட்டார். வாத்தியார் வைத்துக் கற்கவில்லை. காதால் கேட்டதைக் கையால் பிடித்துக்கொண்டார். கடைசிவரை இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது!

இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் இருந்தார். பிறகு சிகாகோ போய், 1952-ல் செயின்ட் லூயிஸ் வந்து மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை நடத்தினார். அந்த வருஷக் கடைசி இரவுக் கச்சேரிக்கு சாக்ஸபோன்காரர் உடம்பு முடியாமல் வரவில்லை. அவசரத்துக்கு ஜான்சன் கூப்பிட்ட ஆள்தான் சக் பெர்ரி! போகப் போக அது பெர்ரியின் குழுவாகவே ஆகிப்போச்சு.

1955-ல் செஸ் கம்பெனி வெளியிட்ட 'மேபலீன்' நாடெங்கும் பிரபலமானது. அடுத்தடுத்து பல பாட்டுகள். பாட்டின் சொந்தக்காரர் என்று இசைத்தட்டில் ஜான்சன் பெயர் வரவில்லை. 1958-ல் வந்த 'ஜானி பி. கூட்' பாட்டில் உள்ள 'ஜானி' இவர் நினைவாக வைத்த பெயர் என்பார்கள். பெயர் வந்தது, பங்கு வரவில்லை.

1970-களில் பெர்ரியை விட்டுப் பிரிந்தார். பிழைப்புக்காக செயின்ட் லூயிஸில் முதியோர்களை ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டினார். பெர்ரியைப் பற்றி எடுத்து 1987-ல் வெளியான ஆவணப்படத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் இவரை மறுபடி பியானோ முன் உட்கார வைத்தார். அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளில் தனக்கும் உரிமை உண்டு என்று 2000-ல் வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று 2002-ல் கோர்ட் தள்ளுபடி செய்தது. நடுவில் 2001-ல், துணைக் கலைஞர்களுக்கான பிரிவில் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2005 ஏப்ரல் 13-ல், 80 வயதில் மறைந்தார்.

எங்க அப்பா கொத்து வேலை செய்பவர். அவர் கட்டிய எந்தக் கட்டிடத்திலும் அவர் பெயர் கிடையாது. எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். நண்பர்களே, நாளைக்கு ஒர்க்‌ஷாப்பிலோ கம்பெனியிலோ நாம் செய்யும் வேலைக்கு நம் பெயரை அன்றைக்கே எழுத்தில் வாங்குவோம். நம்மோடு உழைத்தவன் பெயரையும் விடாமல் சேர்ப்போம்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்