இராமன் தேர்ந்த துறை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்தோடத் தீவாகத் திகழ்வது திருவரங்கம். அத்தீவின் கிழக்குப் பகுதியில் அமைந்த ஊர் திருவானைக்கா. ஐம்பூதத் தலங்களுள் நீருக்கு உரிய தலம் இது. இங்குக் கருவறையில் நீர் ஊறும். வெண்ணாவல் தலமரமாகப் போற்றப்படும். இவ்வூரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் சந்திரசேகர வேங்கட இராமன். உலகம் அவரை இயற்பியல் அறிஞராக அறியும். ஆயினும், அவர் விடை தேடிய வினாக்களுள் பல கடல்நீரிலும் பறவையின் இறகிலும் சிப்பியின் ஓட்டிலும் மலரின் இதழிலும் தோன்றியவை. எத்துறையைத் தேர்வது என்று எண்ணி நிற்கும் மாணவர்க்கு அவர் வாழ்க்கை சிந்திக்கத் தக்க செய்திகள் பலவற்றைத் தருகிறது.

இளமையும் கல்வியும்

சந்திரசேகரனுக்கும் பார்வதி அம்மாளுக்கும் பிறந்த மக்கள் எண்மருள் இராமன் இரண்டாமவர். திருச்சிராப்பள்ளியில் ஆசிரியராக இருந்த தந்தையார், 1892ஆம் ஆண்டு விசாகப்பட்டினத்தில் உள்ள கல்லூரியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் விரிவுரையாளரானார். குடும்பமும் அங்குக் குடிபெயர்ந்தது. பதினொன்றாம் வயதிலேயே மெட்ரிகுலேசன் தேர்வில் வென்ற இராமன், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்று, இயற்பியலுக்கான தங்கப் பதக்கத்தையும் வென்றார்.

அறிவிற் சிறந்த மாணவர்கள் இங்கிலாந்து சென்று பயில்வதே அக்கால வழக்கம். இராமனையும் அவ்வாறு அனுப்ப ஆசிரியர்கள் விரும்பினர். ஆனால், அவரை ஆய்ந்த அரசு மருத்துவர், மெலிந்த அவ்வுடல் இங்கிலாந்தின் குளிரைத் தாங்காது என்று கூறிவிட்டார். இராமன் சென்னையிலேயே முதுகலை பயின்றார். கல்லூரி ஆய்வகத்தில் இருந்த எளிய கருவிகளைக் கொண்டு ஒளியின் விளிம்பு விளைவை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1906ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவந்த ஆய்விதழ் அதனை ஏற்று வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

உறுதியான பணி

ஆய்வு செய்யும் ஆற்றல் இருந்தும், ஆய்வையே தொழிலாகக் கொள்ள அன்றைய இந்தியாவில் வழியில்லை. உயர்கல்விப் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. திறமையுள்ள இந்திய இளைஞர் முன்னிருந்த பாதை அரசுப் பணித் தேர்வு ஒன்றே. இராமனின் தமையனாரும் நிதித்துறையில் பணியாற்றி வந்தார். இராமன் நிதிப்பணித் தேர்வை எழுதி, அதிலும் முதலிடம் பெற்றார். 1907இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, அவ்வாண்டே கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்கராகப் பொறுப்பேற்றார். நல்ல ஊதியமும் சமூக மதிப்பும் படிப்படியான உயர்வும் உறுதியாயிருந்த பதவி அது. குடும்பத்தினர் அதற்குமேல் விரும்பத்தக்கது வேறொன்றும் இல்லை.

ஒருநாள், பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876ஆம் ஆண்டு நிறுவிய கழகம் அது. இந்தியர் தம் முயற்சியால் அறிவியல் ஆய்வு செய்ய வேண்டும் என்னும் நோக்குடன் எழுந்த அந்நிறுவனத்தில் கருவிகள் இருந்தன. அவற்றைப் பயன்படுத்துவார்தாம் அரியராக இருந்தனர். இராமனுக்கு அதன் கதவுகள் திறந்தன. அலுவலகம் செல்லும் முன்னரும் அலுவல் முடிந்த பின்னரும் அவர் அங்கே உழைத்தார். விடுமுறை நாள்களும் ஆய்வு நாள்களாயின. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோதும் ஆய்வு நாட்டம் குன்றவில்லை. இவ்வாறு பத்தாண்டுகள், பகலில் கணக்கராகவும் எஞ்சிய பொழுதில் அறிவியலாளராகவும் வாழ்ந்தார். வீணை, மிருதங்கம் முதலிய நம் இசைக்கருவிகளின் ஒலி நுட்பங்களில் அவர் நாட்டம் கொண்டதும் இக்காலத்தில்தான்.

இரண்டாம் தேர்வு

கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆசுதோசு முகர்சி, புதிதாக ஏற்படுத்தப்பட்ட பாலித் இயற்பியல் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு இராமனை அழைத்தார். அதற்குரிய ஊதியமோ அவர் பெற்றுவந்த அரசு ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே. மேலும், அப்பதவிக்கு வருவோர் அயல்நாட்டிற் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. அதற்காக வெளிநாடு செல்ல இராமன் உடன்படவில்லை. விதி தளர்த்தப்பட்டது. 1917ஆம் ஆண்டு, தமது இருபத்தெட்டாம் வயதில், அவர் அரசுப் பணியைத் துறந்து பேராசிரியரானார்.

பதினெட்டு வயதில் அவர் தேர்ந்தது பிறர் காட்டிய பாதை. இருபத்தெட்டு வயதில் தேர்ந்ததோ தாமே நடந்து பழகிய பாதை. வேலையைத் துறந்த துணிவை மட்டும் போற்றுவோர், அதற்கு முந்தைய பத்தாண்டு உழைப்பை மறந்துவிடுகின்றனர். ஆய்வு தமக்கு உகந்ததுதானா என்பதை நாள்தோறும் உழைத்துத் தெளிந்த பின்னரே இராமன் துறை மாறினார்.

கடல் ஏன் நீலம்?

1921ஆம் ஆண்டு, பல்கலைக்கழக மாநாடு ஒன்றிற்காக இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலிற் பட்டுத் தெரிகிறது என்பது இராலே என்னும் பேரறிஞரின் கருத்து. இராமன் அதனைச் சோதித்தார். கைக்கடக்கமான நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியே, நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வான ஒளியை விலக்கிவிட்டுக் கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை; முன்னினும் செறிந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்துக் கடலுக்கு நீலத்தைத் தருகின்றன என அவர் விளக்கினார்.

அவ்வினா அத்துடன் நிற்கவில்லை. நீர்மங்களுள் ஒளி சிதறும் முறையை இராமனும் அவர் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். அவர்களுள் கே. எஸ். கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவ்வாய்வு கனிந்தது. ஒருநிற ஒளி ஒரு பொருளின் ஊடே செல்லும்போது, சிதறும் ஒளியின் மிகச்சிறு பகுதி நிறம் மாறி வெளிப்படுகிறது. அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறுகள் அதிரும் முறையைப் பொறுத்தது. ஆகவே, ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கே உரிய ஒளிக் கைரேகை உண்டு. இதுவே இராமன் விளைவு. 1930ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அறிவியலில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே.

தேர்வுரிமை யாருக்கு?

1933இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அவ்வாண்டு, பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்ற கமலா பாகவத் என்னும் மாணவி அங்குச் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் இராமன் அவரைச் சேர்க்க மறுத்தார். கமலா நேரில் வந்து காரணம் கேட்டார், ஏற்றுக்கொள்ளும்வரை விலகவில்லை. ஓராண்டு அவர் பணியைப் பார்த்த பின்னரே முறையாகச் சேர்க்கப்படுவார் என்னும் நிபந்தனையுடன் இடம் கிடைத்தது. அந்நிபந்தனை அவர் மனத்தைப் புண்படுத்திற்று, எனினும் ஏற்றார். பால், பருப்பு வகைகளில் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். ஓராண்டு முடிவில் இராமன் அவர் உழைப்பை மதித்தார். பெண்களுக்கு அந்நிறுவனத்தின் வாயில் திறந்தது. பின்னர்க் கமலா சோகோனி என அறியப்பட்ட அவ்வம்மையார் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, உயிர்வேதியியல் துறையில் புகழ்பெற்றார். பதநீரின் ஊட்டப்பண்புகளை ஆய்ந்து குடியரசுத் தலைவர் விருதும் பெற்றார்.

தமக்கு விதி தளர்த்தப்பட்டதால் துறை தேர்ந்த ஒருவரே, மற்றொருவர் துறை தேர்வதற்குத் தடையாக நின்றார். பேரறிஞரும் தம் காலத்தின் குறுகிய எண்ணங்களுக்கு ஆட்படுவர். அத்தடையை உடைத்தது கமலாவின் உறுதியே.

இயற்பியலிலிருந்து உயிர்களை நோக்கி

துறைகளுக்கு இடையே எழுப்பப்படும் சுவர்களை இராமன் பொருட்படுத்தவில்லை. 1934ஆம் ஆண்டு பனங்காடையின் இறகு நீலமாகத் தோன்றுவது ஏன் என ஆராய்ந்தார். சாயம் எதுவுமின்றி, இறகின் நுண்ணிய அமைப்பே அந்நிறத்தை உண்டாக்குவதை ஆய்ந்து காட்டினார். சிப்பியின் உட்புறத்து ஒளிர்வையும் அவ்வாறே ஆராய்ந்தார். வண்ணத்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் சிப்பிகளையும் கனிமங்களையும் தேடிச் சேர்த்தார். முதுமையில் மலர்களின் நிறங்களையும் மனிதக் கண்ணின் செயற்பாட்டையும் ஆராய்ந்து, 1968இல் பார்வையின் உடலியங்கியல் குறித்து நூல் வெளியிட்டார்.

அவரிடம் பயின்றோரும் பல துறைகளுக்குச் சென்றனர். மின்பொறியியல் பயில வந்த கோ. நா. இராமச்சந்திரன், இராமனிடம் இயற்பியல் கற்றார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாசன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தை 1954இல் வெளியிட்டார். 1963இல் அவர் குழுவினர் வகுத்த இராமச்சந்திரன் வரைபடம் இன்றும் உலகெங்கும் உயிரியல் மாணவரால் பயிலப்படுகிறது. இராமனிடம் வைரத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்த அன்னா மணி, வானிலைத் துறையில் சேர்ந்தார். ஓசோனையும் சூரியக் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே உருவாக்கினார். காற்றாற்றலுக்கு உரிய இடங்களைக் கண்டறிய வழிகாட்டினார். சுற்றுச்சூழலையும் உயிரையும் அறிவதற்கான வாயில் ஒன்றன்று என்பதற்கு இவ்விருவரும் சான்று.

இராமன் விளைவும் அவ்வழியே பயணம் செய்துள்ளது. குடிநீரில் கலந்துள்ள நுண்நெகிழித் துகள்களை இனங்காணவும், நோயுற்ற திசுவை நலமுள்ள திசுவினின்று வேறுபடுத்தவும், கனிகளின் மேல் எஞ்சிய பூச்சிக்கொல்லியைக் கண்டறியவும் ஆய்வாளர் அதனைப் பயன்படுத்துகின்றனர். கடல்நீரின் நிறத்தைக் குறித்து எழுந்த வினா, நீரின் தூய்மையைக் காக்கும் கருவியாக வளர்ந்துவிட்டது.

அவர் பிறந்த மண்ணிலும் இன்று இயற்கையை ஆராய்வதற்கான வாய்ப்புகள் பெருகியுள்ளன. திருச்சிராப்பள்ளியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரத் தொகுப்பகம் தமிழகத் தாவரங்களைப் பேணிவருகிறது. திருவரங்கத்தை அடுத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் சிறகுகளின் வண்ணம் காண்போரை ஈர்க்கிறது. ஆய்வுக்கு வழியின்றி அலுவலகம் புகுந்த 1907ஆம் ஆண்டு இளைஞருக்குக் கிட்டாத வாய்ப்புகள் இவை.

இறுதி நாள்கள்

1948இல் இராமன் தமக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தைப் பெங்களூரில் அமைத்தார். அதன் வளாகத்தை மரங்களாலும் உரோசாச் செடிகளாலும் நிரப்பினார். 1954இல் பாரத ரத்னா விருது அவரைச் சேர்ந்தது. இறுதிவரை ஆய்வை நிறுத்தாத அவர், 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் உடல் அத்தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் மணிமண்டபம் எழுப்பப்படவில்லை. அவர் விரும்பியவாறே மரம் ஒன்று நடப்பட்டது. அவர் இராமன் விளைவைக் கண்டறிந்த பிப்ரவரி 28ஆம் நாளை, 1987ஆம் ஆண்டு முதல் நாடு தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறது.