குழந்தைகளிடம் பாடம் கேட்ட ஆசிரியை
மரியா மாண்டிசோரி அம்மையார்



நம் நாட்டில் மாண்டிசோரி என்று பெயர்ப் பலகை தாங்கிய பாலர் பள்ளிகள் எத்தனையோ உள்ளன. அது ஒரு பாடமுறையின் பெயர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது ஒரு கத்தோலிக்கப் பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதையும், அவர் நம் தமிழ் மண்ணிலேயே சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதையும் அறிந்தோர் சிலரே. பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் உங்களுக்கு அவருடைய வாழ்வு பயன்படும் என்று கருதியே இந்த ஜூபிலி மலரில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே மகள். அவர் சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் உரோமை நகரில் குடியேறியது. மகள் ஆசிரியை ஆனால் போதும் என்றார் தந்தை. மகளோ மருத்துவம்தான் படிப்பேன் என்று உறுதியாக நின்றார். தாயார் அவருக்குத் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது தகாது என்று கருதிய காலம் அது. ஆகவே மற்றவர்கள் போன பிறகு, தனியாக அந்தப் பயிற்சியைச் செய்தார். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆசிரியை ஆக மறுத்த அந்தப் பெண்ணையே இறைவன் உலகத்துக்கு ஆசிரியை ஆக்கினார்!

மனநோயாளர் விடுதி ஒன்றில், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை வெற்று அறையில் அடைத்து வைத்திருந்ததை அவர் கண்டார். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைத் தேடித் தவழ்ந்தனர். காவல் இருந்த பெண் அதை அருவருப்போடு பார்த்தார். மாண்டிசோரியோ, அவர்களுடைய பசி வயிற்றுப் பசி அன்று, கையால் தொட்டுப் பழக ஒரு பொருளும் இல்லாத பசி என்று உணர்ந்தார். இத்தகைய பிள்ளைகளுக்குப் பொருள்களைக் கொண்டு கற்பித்தார். அவர்களில் சிலர் பொதுத் தேர்விலும் தேறினர். எல்லாரும் அவரைப் பாராட்ட, அவர் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. இவர்களே இவ்வளவு கற்க முடியுமானால், நலமான பிள்ளைகளை நம் பள்ளிகள் ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கின்றன?

இங்கே வேதனையான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1898-இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். தந்தை உடன் பணியாற்றிய மருத்துவர். அவர்களிடையே திருமணம் நடைபெறவில்லை. செய்தி வெளியே தெரிந்தால் அவருடைய பணி அன்றோடு முடிந்துவிடும். எனவே குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. தம் தாயார் 1912-இல் இறந்த பிறகே, பதினைந்து வயதை எட்டிய மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் வெளியாருக்கு அவன் உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றே சொல்லப்பட்டது. நாம் நியாயம் தீர்க்க வேண்டாம். ஊரார் பிள்ளைகளை மார்போடு அணைத்த அந்தத் தாய்க்கு உள்ளத்தில் எத்தகைய காயம் இருந்திருக்கும் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமையின் ஏழைப் பகுதியான சான் லொரென்சோவில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போன பின் பிள்ளைகள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கியதால், வீடுகளின் உரிமையாளர்கள் செய்த ஏற்பாடு அது. சுமார் 50 பிள்ளைகள். பயிற்சி பெறாத ஓர் இளம்பெண்தான் அவர்களுக்குப் பொறுப்பாளர்.

அங்கே மாண்டிசோரி கற்பித்ததைவிட உற்றுப் பார்த்ததே அதிகம். ஒரு சிறுமி மர உருளைகளைத் துளைகளில் பொருத்தும் வேலையை நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் மற்றவர்கள் பாடியபோதும் அவள் கவனம் சிதறவில்லை. ஒரு நாள் மாண்டிசோரி கைக்குட்டையால் மூக்குச் சிந்துவது எப்படி என்று காட்டினார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினர்! அதுவரை மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களைத் திட்டியவர்களே உண்டு. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பழகிய பிள்ளைகள், ஒரு குளிர்கால நாளில், சுண்ணக்கட்டியை எடுத்துத் தாமாகவே தரையில் சொற்களை எழுதத் தொடங்கினர்.

இந்தச் செய்தி எங்கும் பரவியது. 1916-இல் அவர் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவுக்குச் சென்றார். அங்கே பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற இருக்கைகளோடு அவர்களுக்கென ஒரு சிற்றாலயம் அமைந்தது. திருப்பலிக்கான அப்பத்துக்கும் இரசத்துக்கும் கோதுமையையும் திராட்சையையும் பிள்ளைகளே வளர்த்தனர். மனப்பாடம் மட்டும் ஞானோபதேசம் ஆகாது என்பதை அவர் கண்டுகொண்டார்.

1939-இல், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறு வந்தார். மகன் மரியோவும் உடன் வந்தார். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. உடனே இருவரும் பகை நாட்டார் ஆயினர். மரியோ முகாமில் அடைக்கப்பட்டார். ஆகஸ்டு 31-இல் அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தபோது, வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனை விடுவிப்பதாக அதில் கண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக மறைவில் இருந்த மகன் என்ற அந்தச் சொல், அரசாங்கத் தந்தியிலே வெளிப்படையாக வந்தது! பின்னர் 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையில் தங்கி, பச்சிளங் குழந்தைகள் முதல் வளர்ந்த பிள்ளைகள் வரை உற்றுநோக்கி வந்தார். நம் நாட்டில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டில் நோர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில் அவர் உயிர் துறந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பு மக்களே, பூசை நேரத்தில் சத்தம் போடும் பிள்ளைகளைப் பீடத்திலிருந்தே அதட்டியவன் நான். இந்த அம்மையாரின் வரலாற்றைப் படித்த பின் அந்த அதட்டல் என் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளை தானாகச் சோறு உண்ணத் தட்டுத் தடுமாறும்போது, கையிலிருந்து பிடுங்கி ஊட்டாமல் சற்றுப் பொறுத்திருங்கள். சட்டைப் பொத்தானைப் போட அது கால்மணி நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும். அதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நம் ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை நடுவில் நிறுத்தியது பெரியவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகவே அல்லவா?